பஞ்சில் ஏறிய சிவப்பு

அசிட்டோனில் நனைத்த பஞ்சை
சுருளின் வால்நுனியில் வைத்து
ஏழு வரை எண்ணினேன்.
வந்துவிட்டது சிவப்பு.

மூவாயிரம் வருடம் மண்ணில் ஊறிய சிவப்பு
இத்தனை சுலபமாய்க் கூப்பிட்ட குரலுக்கு வராது.
இது டிராக்டர் மட்கார்டுக்கு அடிக்கிற சிவப்பு.
முகர்ந்து பார்த்தேன்:
டர்பன்டைன், அடியில் லேசாக
பிளா ரா மீன் ஊறிய தண்ணீர்.

போலிகள் எனக்குப் புதிதல்ல.
பாங்காக் கடைகளிலிருந்து பறிமுதலாகி
பெட்டி பெட்டியாக வந்து இறங்கும்.
ஆனால் நாற்பத்தொன்றாம் எண் பானை
கடையிலிருந்து வந்ததல்ல.
நோங் யாங் கிராமம், மூன்றாம் குழி,
ஒன்றரை மீட்டர் ஆழம்.
மண்ணைத் தூரிகையால் தள்ளியவள் நான்.
உள்ளே பதினோரு எலும்புகள்,
ஈறைவிட்டு வெளியே வராத
இரண்டு பல் மொட்டுகள்.

ஊருக்குப் போனேன்.
குழிக்கு மேலே முன்பு வீடு வைத்திருந்தவர்
இப்போது பஸ் நிறுத்தத்தில்
டியூபுக்கு ஒட்டுப் போடுகிறார். பெயர் பூன்தம்.
தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்கி
குமிழி வரும் இடத்தைத் தேடிக்கொண்டே
என்னைப் பார்க்காமல் பேசினார்.

"வெறும் பானைக்கு இருபது பாத்.
சுருள் போட்டதுக்கு எண்ணூறு.
விமானத் தளத்துச் சிப்பாய்ங்க ஜீப்புல வருவாங்க.
பானை நெசமாவே பழசுதான்.
கோடு மட்டும் என்னுது.
நீயா இருந்தா என்ன செய்வ?"

நான் பதில் சொல்லவில்லை.

தூண்மேல் நிற்கும் வீடு.
மேலே கொசுவலைக்குள் மனைவி,
கீழே குழிக்குள் இவர்,
நடுவில் மூங்கில் தரை.
நாய்வால் மயிரில் கட்டிய தூரிகை.
வரைந்து முடித்ததும் சேறு பூசி
மீன் தண்ணீர் தெளித்து
ஒரு வாரம் கோழிக்கூட்டுக்குள் வைத்தால்
பழசாகிவிடும்.

"அந்த ஒண்ணு மட்டும்
வரைஞ்சு முடிச்சப்புறம்தான் கவுத்தேன்.
எப்பவும் முன்னாடியே கவுத்துடுவேன்,
அன்னிக்கு ஏனோ மறந்துட்டேன்.
மண்ணோட ஒண்ணு விழுந்துச்சு.
விரல்னு நெனச்சேன்.
விரல் இல்ல. கை."

டியூபில் குமிழி வந்தது.
சாக்குக்கட்டியால் வட்டம் போட்டார்.

விழுந்ததை எல்லாம் பொறுக்கி உள்ளே போட்டு
எடுத்த இடத்திலேயே
விடிவதற்குள் புதைத்தாராம்.
முன்பணம் கொடுத்த தரகனுக்கு
கோழிகளாகத் திருப்பிக் கொடுத்தாராம்,
மூன்று மாதம்.

சாயத்தை ஏன் துடைக்கவில்லை என்றேன்.

"துடைக்கத்தான் துணி எடுத்தேன்.
ஆனா நல்லா வந்திருந்துச்சு அந்தச் சுருள்.
அதுக்கு முந்தியும் அப்படி வரல,
பின்னாடியும் வரல.
சரி, அதுக்கே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தேன்.
வடிவம்: உருண்டை அடி, விரிந்த வாய்.
மண்: உமி கலந்தது.
உள்ளடக்கம்: எழுதிவிட்டேன்.
அலங்காரம் என்ற கட்டத்தில்
'நவீனப் போலி' என்று எழுதி அடித்தேன்.
'நவீனம்' என்று எழுதினேன். அடித்தேன்.
ஈமப்பொருளா, ஆம் அல்லது இல்லை
என்ற கட்டத்தில்
பேனா ஒரு புள்ளி வைத்து நின்றுவிட்டது.

பஞ்சு பட்ட இடத்தில்
ஒரு விரல்நகம் அளவு வெறும் மண் தெரிகிறது.
கயிறு அழுத்திய தடம்,
அதன் ஓரத்தில்
ஈரமாக இருந்தபோது எவளோ எவனோ
தவறிப் பதித்த பெருவிரல்.
அவர்களுக்கும் அவசரம் இருந்திருக்கும்.
சின்னப் பிணத்தை அதிக நேரம்
வைத்திருக்க முடியாது,
ஈசான் வெயிலில்.

மிச்சச் சுருளை நான் தொடவில்லை.
திங்கட்கிழமை இயக்குநர் கேட்பார்,
பாதியில் ஏன் நிறுத்தினாய் என்று.

பஞ்சைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு
சீட்டு ஒட்டினேன்:
நாற்பத்தொன்று, வால்நுனி,
அழித்தது விலாய்வன்,
ஏழு வினாடி.